உயிர்க் காலேஜில் படிக்க வேண்டியவர் யார்?

சென்னையில் முற்காலத்தில் இரண்டு விசித்திரக் காலேஜுகள் இருந்தன. அவற்றில் சேரப் புத்தகம் வேண்டாம், சம்பளம் வேண்டாம், பரீட்சையும் கிடையாது. பதம் செய்த உடல்களையும் எலும்புகளையும் வரிசையாக வைத்திருந்த எழும்பூர் அருங்காட்சியகத்தை ஊர் மக்கள் 'செத்த காலேஜ்' என்றார்கள். உயிருள்ள விலங்குகளை அடைத்து வைத்திருந்த மிருகக்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றார்கள். 1855ஆம் ஆண்டில், அருங்காட்சியகத்திற்குப் பொறுப்பாயிருந்த எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதன் வளாகத்திலேயே சில விலங்குகளை வைத்துக் காட்டியதில் தொடங்கியது அந்த உயிர்க் காலேஜ். பின்னர் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் பெயர்ந்து, 1985இல் வண்டலூர்க் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் வீடுகளில் உள்ள மூத்தோர் சிலர் அப்பெயரை இன்றும் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

பெயரிட்டவர் யாரோ, பொருத்தமாகவே இட்டார். ஆனால் காலேஜ் என்று சொல்லிவிட்டால் அங்கே கற்பவர் ஒருவர் இருக்க வேண்டுமன்றோ? விடுமுறை நாளில் குழந்தை குட்டிகளோடும், ஊரிலிருந்து வந்த உறவினரோடும், கட்டுச்சோற்றோடும் போகிற நாம் அங்கே கற்பது சிறிதளவே. கட்டாயம் கற்றாக வேண்டியவர் வேறொருவர். காக்கி உடையில், கையில் வாளியோடு நம்மைக் கடந்து போகிறாரே, அவர்தாம். 'கீப்பர்' என்று அங்குள்ளோர் அழைக்கும் காப்பாளர் அவர். தில்லியில் பழைய கோட்டையை ஒட்டிய பூங்காவானாலும், மும்பையின் இராணி பாக் ஆனாலும், கொல்கத்தாவின் அலிப்பூர் ஆனாலும், வீடு திரும்பியபின் நாம் புலியைப் பற்றிப் பேசுகிறோம், யானையைப் பற்றிப் பேசுகிறோம். அந்த மனிதரைப் பற்றிப் பேசுவதில்லை. இம்மாதம் அவரைப் பற்றியும், அவருக்கு வேண்டிய கல்வியைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

தீனி போடுவதும் கூட்டிப் பெருக்குவதுமே அவர் வேலை என்று நினைப்பவர் பலர். அது பிழை. வாயில்லா உயிரின் நிலையை வாயுள்ளவரிடம் எடுத்துச் சொல்வதே அவருடைய உண்மையான பணி. காட்டில் பிறந்த விலங்கு தன் நோயை எளிதில் வெளியே காட்டாது. காட்டிக்கொண்டால் பகைக்கு இரையாக நேரும் என்பது தலைமுறை தலைமுறையாக அதன் உடம்பில் ஊறிய பாடம். ஆகவே பார்வையாளர் கண்ணுக்கு நலமாகத் தோன்றும் விலங்கு உள்ளே நலிந்திருக்கலாம். அதை முதலில் அறியக்கூடியவர் மருத்துவர் அல்லர்; நாள்தோறும் பழகும் காப்பாளரே. யானையின் இலண்டம், மானின் புழுக்கை, பறவையின் எச்சம் ஆகிய ஒவ்வொன்றையும் அவர் காலையில் பார்த்தாக வேண்டும். நேற்று வைத்த தீனியில் மீந்தது எவ்வளவு, நீர்த்தொட்டி எவ்வளவு குறைந்திருக்கிறது, எது எழுந்து வரச் சுணங்குகிறது, எது தன் இனத்தை விட்டு ஒதுங்கி நிற்கிறது என்று கண்டு, அன்றைய ஏட்டில் எழுத வேண்டும். உட்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளிக்கதவைத் திறக்க வேண்டும். இவ்வளவும் வெறும் கூலி வேலையா? கண்ணும் கருத்தும் பழகிய ஒருவர் செய்யும் தொழில் என்பதே தகும்.

இத்தொழிலை முறையாக எழுதிவைத்த முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவர் என்பது பெருமைக்குரியது. 1876ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கல்கத்தாவின் அலிப்பூர்த் தோட்டத்தில் எளிய பணியில் சேர்ந்து, அதன் கண்காணிப்பாளராக உயர்ந்தவர் இராம் பிரம்ம சன்யால். சிறைப்பட்ட விலங்குகளை வங்காளத்தின் தட்பவெப்பத்தில் எவ்வாறு பேணுவது என்பதைப் பற்றி அவர் 1892இல் ஒரு கைந்நூல் வெளியிட்டார். எந்தப் பிராணிக்கு எது உணவு, எது நோய், எது மருந்து, எப்படிப்பட்ட இருப்பிடம் என்று தாம் நாள்தோறும் கண்டறிந்தவற்றையே அதில் தொகுத்தார். அவருடைய காலத்தில், 1889இல், அலிப்பூரில் சுமத்திரா காண்டாமிருகம் ஒன்று குட்டி ஈன்றது. இந்த இனம் மனிதர் பராமரிப்பில் மறுபடி கன்று ஈன்று அது நன்கு வளர்ந்ததை உலகம் காண 2001ஆம் ஆண்டுவரை, அதாவது 112 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அதுவும் அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி நகரில், நவீன மருத்துவக் கருவிகளின் துணையோடு நிகழ்ந்தது. கருவிகள் இல்லாத நாளில் சன்யாலிடம் இருந்தவை கூர்ந்த கண்ணும் குறிப்பேடும். அந்தக் குறிப்பேட்டுப் பழக்கம் நாட்டின் எல்லாக் காட்சிசாலைகளிலும் வேரூன்றியிருக்குமானால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

ஆனால் நடந்தது வேறு. சுதந்திரத்திற்குப் பின்னும் பல்லாண்டுகள் ஆங்காங்கே கூண்டுகள் பெருகினவே தவிர, கூண்டைக் காப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பாரில்லை. தந்தை பார்த்த வேலை மகனுக்கு வந்தது. பழையவர் செய்ததைப் பார்த்துப் புதியவர் செய்தார். அந்த வழியில் நல்ல அனுபவமும் இறங்கி வந்தது, தவறான வழக்கங்களும் இறங்கி வந்தன. இந்நிலையை மாற்றவே வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் தனி அத்தியாயம் ஒன்று சேர்க்கப்பட்டு, 1992இல் மத்திய விலங்குக்காட்சி ஆணையம் அமைந்தது. இன்று அதன் ஒப்புதல் இன்றி நம் நாட்டில் எவரும் காட்சிசாலை நடத்த இயலாது. 1992இலும் பின்னர் 2009இலும் வகுக்கப்பட்ட விதிகள் இடவசதி, மருத்துவம், உணவு ஆகியவற்றோடு பணியாளரைப் பற்றியும் பேசுகின்றன. காப்பாளர், மருத்துவர், மேலாளர் என்று ஒவ்வொரு நிலையினருக்கும் பயிற்சி முகாம்கள் நடத்தும் வழக்கமும் இந்த ஆணையத்தின் காலத்தில்தான் நிலைபெற்றது. ஒப்புதல் பெற்ற காட்சிசாலைகள் நாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை. அத்தனையிலும் உழைக்கும் ஒவ்வொருவரையும் ஒரு முகாமில் சில நாட்கள் உட்காரவைத்தால் மட்டும் கல்வி நிறைந்துவிடுமா என்பது வேறு கேள்வி.

அம்முகாம்களில் சொல்லித்தரப்படுவது யாது? முதற்பாடம், உயிரோடு இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு என்பதே. 1965இல் இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்த ஒரு குழுவின் அறிக்கையிலிருந்து கிளைத்து, 1979இல் உருப்பெற்றவை 'ஐந்து சுதந்திரங்கள்'. பசியும் தாகமும் இன்மை, இருப்பிட வசதிக்குறைவு இன்மை, வலியும் நோயும் இன்மை, அச்சமும் மனவேதனையும் இன்மை, தன் இனத்துக்குரிய இயல்பின்படி நடக்க இடமுண்மை என்பன அவை. பின்னாளில் நியூசிலாந்து அறிஞர்கள் இதனை மேலும் வளர்த்தார்கள். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் கூடி ஐந்தாவதாகிய மனநிலையை உண்டாக்குகின்றன என்று அவர்கள் வகுத்தார்கள். துன்பம் இல்லாதிருந்தால் மட்டும் போதாது, இன்பம் சிறிதேனும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைக் கேட்கும் நம் தாய்மார்களுக்குப் புதுமை ஒன்றும் தோன்றாது. வயிறு நிறைந்த குழந்தையும் விளையாட ஒன்றுமில்லாவிட்டால் அழும் என்பதை அவர்கள் அறியாதவர்களா?

இரண்டாவது பாடம் சற்றே கசப்பானது. கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, அடிச்சுவடு மாறாமல், மணிக்கணக்கில் நடந்துகொண்டேயிருக்கும் சிறுத்தையை நாம் பார்த்திருக்கிறோம். நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருக்கும் யானையையும் பார்த்திருக்கிறோம். 'யானை ஆடுகிறது பார்' என்று நம் குழந்தைகள் கைகொட்டுகிறார்கள். அது ஆட்டம் அன்று. செய்ய ஒன்றுமில்லாமல், போக ஒரு வழியுமில்லாமல் மனம் சோர்ந்த விலங்கு காட்டும் அடையாளம் அது. முன்பு எப்போதோ பட்ட துன்பத்தின் வடுவாகவும் இருக்கலாம். விலங்கின் கண்ணோட்டத்தில் கூண்டைப் பார்க்க வேண்டும் என்று 1940களிலேயே எழுதியவர் ஹைனி ஹெடிகர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர். பெர்ன், பாசல், சூரிச் நகரங்களின் காட்சிசாலைகளை நிருவகித்தவர் அவர். அயலார் எவ்வளவு நெருங்கினால் ஒரு விலங்கு விலகி ஓடும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நாள் முழுதும் அயலார் நிற்க, ஓடவும் ஒளியவும் இடமில்லாவிட்டால், பூட்டிய கூண்டுக்குள் உணவு எவ்வளவு வைத்தாலும் அவ்வுயிருக்கு அமைதி இல்லை.

இதற்கு மருந்து மருந்துக்கடையில் கிடைப்பதன்று. அதைச் செய்பவர் காப்பாளரே. கரடிக்குத் தேனைத் தட்டில் ஊற்றி வைக்காமல், மரக்கட்டையில் துளைகள் இட்டு அவற்றுள் வைக்கிறார்; கரடி அரைநாள் அதனோடு மல்லாடுகிறது. குரங்குக்குத் தானியத்தை வைக்கோலில் கலந்து தூவுகிறார். அது தேடித் தின்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் தழையை உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார். கோடையில் பழங்களைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்து உருட்டிவிடுகிறார். புலியின் கூண்டில் புதியதொரு வாசனையைத் தடவி வைக்கிறார். அது மோப்பம் பிடித்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் ஆராய்கிறது. பெருஞ்செலவு எதற்கும் இல்லை. ஆனால் எந்த விலங்கிற்கு எது தகும், எது தகாது என்ற அறிவு வேண்டும். தெரியாமல் செய்தால் விழுங்கிய கயிறே யமனாகிவிடும்.

மூன்றாவது பாடம் கேட்பதற்கே வியப்பாக இருக்கும். புலியிடமிருந்து நோயறிய இரத்தம் எடுக்க வேண்டுமானால், முன்பெல்லாம் மயக்க ஊசி எய்ய வேண்டும். அல்லது நகரவொட்டாமல் நெருக்கும் கூண்டில் அடைக்க வேண்டும். இரண்டிலும் அச்சம் உண்டு, சில சமயம் உயிருக்கே ஆபத்தும் உண்டு. இன்று பயிற்சி பெற்ற காப்பாளர் ஒரு சீழ்க்கை ஒலி, ஒரு துண்டு இறைச்சி, வாரக்கணக்கான பொறுமை ஆகியவற்றைக் கொண்டு, புலி தானாகவே கம்பியோரம் வந்து படுத்து வாலை நீட்டும்படி பழக்குகிறார். யானை தன் பாதத்தைக் கம்பிகளினூடே தூக்கி வைத்து நகம் சீவ இடம் தருகிறது. சொன்னபடி செய்தால் பரிசு. செய்யாவிட்டால் பரிசு இல்லை, அவ்வளவே. அடி இல்லை, அங்குசம் இல்லை, விருப்பமில்லாத விலங்கு எழுந்து போய்விடலாம். மருத்துவர் ஒரு மணி நேரத்தில் செய்யும் சிகிச்சைக்குக் காப்பாளர் ஆறு மாதம் நிலம் பண்படுத்தி வைக்கிறார் என்றே சொல்லலாம்.

இக்கல்வி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தலைநகரமே சாட்சி. 1990களின் இறுதியில், குடியரசுத் தலைவராயிருந்த சங்கர் தயாள் சர்மாவுக்கு நட்புப் பரிசாகச் சிம்பாப்வே நாட்டிலிருந்து ஆப்பிரிக்க யானைக்கன்றுகள் தில்லிக்கு வந்தன. அவற்றுள் ஆண் கன்றுக்குச் 'சங்கர்' என்றே பெயர் வைத்தார்கள். உடன் வந்த பெண்யானை சில ஆண்டுகளில் இறந்துபோயிற்று. அதன்பின் தன் இனத்தின் முகம் காணாமல் சங்கர் தனியாகவே வளர்ந்து பெருங்களிறு ஆயிற்று. மதம் பிடிக்கும் காலங்களில் நெருங்க முடியாத நிலையில் அதைச் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். 2024 அக்டோபரில் உலகக் காட்சிசாலைகளின் சங்கம் இதனைக் காரணம் காட்டித் தில்லிப் பூங்காவின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. அதன் பிறகே வெளியிலிருந்து வல்லுநர்கள் வந்து சங்கிலியை அகற்றினார்கள். ஓராண்டு நிறையுமுன், 2025 செப்டம்பரில், சங்கர் இறந்தது.

இச்செய்தி வந்தபோது பலர் காப்பாளர்களைக் கொடியவர்கள் என்று ஏசினார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. மதங்கொண்ட களிற்றின் முன் நிற்பவருக்குக் கையில் இருந்த ஒரே கருவி சங்கிலியாக இருக்குமானால், அவர் சங்கிலியைத்தான் எடுப்பார். கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்றே யானையைப் பேணும் முறையை அவருக்கு உரிய காலத்தில் கற்பித்து, அதற்கேற்ற கொட்டிலையும் கட்டித் தந்திருக்க வேண்டும். காட்சிசாலைகளில் யானைகளை வைக்கலாகாது, விரிந்த முகாம்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணையம் 2009ஆம் ஆண்டிலேயே கூறியிருந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். சங்கிலி அவிழ்ந்த நாளில் அங்கே புதிதாக வந்து சேர்ந்தது இரக்கம் மட்டுமன்று, அறிவும் கூடத்தான். இரக்கம் முன்பே பலரிடம் இருந்தது. அது தனித்து நின்று அவ்விலங்கை விடுவிக்க இயலவில்லை.

புதிய விலங்கு வந்தால் புதிய கல்வி வேண்டும் என்பதற்கு மும்பை நல்ல எடுத்துக்காட்டு. 2016இல் தென்கொரியாவிலிருந்து எட்டுப் பென்குவின் பறவைகள் இராணி பாக் வந்து சேர்ந்தன. சில மாதங்களில் ஒன்று இறந்தது, பெருங்கூச்சல் எழுந்தது. கடலோர வெப்பத்தில் வாழும் நகரில், குளிரூட்டிய அறையில், அதுவரை எவரும் பழகியிராத பறவையைப் பேணும் வேலை எளிதா? 2018 ஆகஸ்டு 15ஆம் நாள் முதற்குஞ்சு பொரிந்தது. அதுவும் சில நாட்களே வாழ்ந்தது. ஆயினும் அங்கிருந்தோர் கற்றுக்கொண்டே வந்தார்கள். நீரின் தூய்மை, அறையின் குளிர், மீனின் தரம், அடைகாக்கும் இணையின் போக்கு ஆகியவற்றை நாள்தோறும் கவனித்தார்கள். பின்னர்ப் பொரிந்த குஞ்சுகள் பல நன்றாக வளர்ந்தன. பறவைகளை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது தகுமா என்று வாதிடுவோர் வாதிடட்டும். வந்துவிட்ட உயிரை வாழவைத்தது காப்பவர் கற்ற கல்வியே.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பிற மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம்மைவிட இதனை நன்கு உணர்வார் யார்? 2018இல் கருநாடகத்து முகாம் யானைகள் உத்தரப்பிரதேசத்தின் துத்வா காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவை கன்னடக் கட்டளைகளுக்கே பழகியவை. இந்தியில் 'நில்' என்றால் நில்லா. ஆகவே அங்குள்ள பாகர்கள் கன்னடச் சொற்களைக் கற்க நேர்ந்தது. யானைக்கே தான் பழகிய மொழி வேண்டியிருக்கிறது. அவ்வாறிருக்க, ஆறாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்துவிட்டு வேலைக்கு வந்த காப்பாளருக்கு ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேட்டைத் தந்து 'படித்துக்கொள்' என்பது என்ன நியாயம்? அவரவர் மொழியில், படங்களோடு, செய்துகாட்டிச் சொல்லித்தருவதே கல்வி.

இத்துறையில் நம் கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். யோகம் பயில மைசூருக்கு வந்த சாலி வாக்கர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, அந்நகரத்து மிருகக்காட்சிசாலையின்மீது பற்றுக்கொண்டு அங்கேயே தொண்டு செய்யத் தொடங்கினார். பின்னர் 1985இல் 'ஜூ அவுட்ரீச்' என்னும் அமைப்பை நிறுவினார். அது கோயம்புத்தூரில் நிலைகொண்டு, காட்சிசாலைப் பணியாளருக்குப் பயிற்சி, ஆசிரியருக்குப் பயிற்சி, 'ஜூஸ் பிரிண்ட்' என்னும் இதழ், பல இந்திய மொழிகளில் பாடப்பொருள்கள் என்று தென்னாசியா முழுவதற்கும் பணி செய்து வந்திருக்கிறது. 2019இல் அவ்வம்மையார் மறைந்தார். அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் ஊர்க் காப்பாளரை மாணவராகவும் மதிப்புக்குரியவராகவும் பார்த்தார். நாம் இன்னும் வாளி தூக்குபவராகவே பார்க்கிறோம்.

காப்பாளருடைய நலனும் விலங்கின் நலனும் ஒரே கயிற்றின் இரு முனைகள். 2021 மே மாதத்தில் ஐதராபாதின் நேரு பூங்காவில் எட்டுச் சிங்கங்களுக்குக் கொரோனா நோய் கண்டது. அடுத்த மாதமே வண்டலூரிலும் சிங்கங்களிடையே அது பரவி, இரண்டு சிங்கங்கள் இறந்தன. மனிதரிடமிருந்து விலங்குக்கும், விலங்கிடமிருந்து மனிதருக்கும் நோய் தாவும் என்பதை நாடு அன்று கண்கூடாகக் கண்டது. யானைக்கும் பாகனுக்கும் இடையே காசநோய் தொற்றுவது முன்பே அறிந்த செய்தி. ஆகவே முகமூடியும் கையுறையும் காலணியும், ஆண்டுதோறும் மருத்துவச் சோதனையும் காப்பாளருக்குச் சலுகைகள் அல்ல. விலங்குக்கும் சேர்த்துச் செய்யும் பாதுகாப்பு. நாட்கூலிக்கு வந்து, நாளை இருப்போமோ இல்லையோ என்று அஞ்சும் ஒருவர், பத்தாண்டுகள் பழகி அறிய வேண்டிய ஒரு விலங்கை எப்படி அறிவார்? கற்பித்தவரை நிலைத்து இருக்கவும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்த கதையாகும்.

இனி நம் பங்கு. உள்ளே ஒருவர் கற்றுச் செய்வதை வெளியே நிற்கும் நூறு பேர் கல்லாமையால் கெடுத்துவிடலாம். 2014 செப்டம்பர் 23ஆம் நாள் தில்லிப் பூங்காவில் ஓர் இளைஞர் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்தார். புலி உடனே பாய்ந்துவிடவில்லை. பல நிமிடங்கள் அவர் எதிரே நின்றுகொண்டிருந்தது. மேலே நின்ற கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டும் கற்களை எறிந்தும் அதை விரட்ட முயன்றதாக அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. முடிவில் அந்த இளைஞர் உயிரிழந்தார். எறிந்தவர் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் மிரண்ட விலங்கை மேலும் மிரட்டுவது நன்மை தராது. அத்தகைய வேளையில் கூட்டத்தை அமைதியாக விலக்கி, பழகிய காப்பாளரை வரவழைத்து, மயக்க மருந்துக் குழுவைக் கூட்ட வேண்டும். அதற்கெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. பார்வையாளராகிய நமக்கும் அத்தகைய ஒத்திகை, வீட்டிலேயே தொடங்கும் ஒன்று, வேண்டியிருக்கிறது.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, எந்த விலங்குக்கும் எதையும் கொடுக்கலாகாது. முறுக்கும் வாழைப்பழமும் அன்பினால் தருவனவாயினும், காப்பாளர் அளந்து வைத்த உணவுத் திட்டத்தை அவை குலைத்துவிடும். பிளாஸ்டிக் பையோடு எறிந்தால் மான் அதையும் சேர்த்தே விழுங்கும். அதன் வயிற்றில் அது கரையாது. காட்சிசாலை விலங்கைச் சீண்டுவதும், அதற்குத் தீனி கொடுப்பதும், கூச்சலிட்டு அதன் அமைதியைக் குலைப்பதும் சட்டப்படியே குற்றம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

இரண்டாவது, விலங்கு மறைவிடத்தில் இருந்தால் 'காசு கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லையே' என்று சலித்துக்கொள்ளாதிருப்போம். மறைய இடம் கிடைத்த விலங்கே மனநிறைவுள்ள விலங்கு. கல்லெறிந்தோ கம்பியைத் தட்டியோ அதை எழுப்பும் பிள்ளையைக் கண்டால், நம் பிள்ளையானாலும் பிறர் பிள்ளையானாலும், மெல்லச் சொல்லித் தடுப்போம். தலையாட்டும் யானை ஆடவில்லை என்பதையும் அன்றே சொல்லிக்கொடுப்போம்.

மூன்றாவது, வாரத்தில் ஒருநாள் காட்சிசாலை மூடியிருப்பதைக் கண்டு வாயிலில் நின்று சண்டையிடாதிருப்போம். தில்லியில் அது வெள்ளிக்கிழமை. அந்த ஒரு நாள் விதிப்படி விட்டது. விலங்குகள் நம் கண்களிலிருந்து ஓய்வு பெறும் நாள் அது. பழுதுபார்ப்பும், மருத்துவமும், பயிற்சி வகுப்பும் நடப்பதற்கு ஏற்ற நாளும் அதுவே. புறப்படுமுன் எந்த நாள் விடுமுறை என்று கேட்டறிந்து செல்வது நம் கடமை.

நான்காவது, நம் சங்கத்துக்கே ஒரு வேண்டுகோள். தைத்திங்களில் பொங்கல் விழா எடுக்கிறோம். மறுநாள் மாட்டுப் பொங்கல் என்று குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். ஆனால் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அக்குழந்தைகளுக்கு மாடும் இல்லை, மாட்டைப் பேணுபவரும் தெரியாது. வரும் பொங்கல் விழா மேடைக்கு அரசியல் பிரமுகரோடும் திரைக் கலைஞரோடும், நம் நகரத்து மிருகக்காட்சிசாலையிலிருந்து மூத்த காப்பாளர் ஒருவரையும் அழைத்தால் என்ன? அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, பத்து நிமிடம் அவர் மொழியிலேயே பேசச் சொல்வோம். தமிழ் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர் அதைத் தமிழாக்கிச் சொல்லட்டும். அவர் வளர்த்த குட்டிகளின் பெயர்களையும், விழித்திருந்த இரவுகளையும் அவர் சொல்லக் கேட்டால், அடுத்தமுறை நம் பிள்ளைகள் கூண்டின் முன் நிற்கும்போது கல்லை எடுக்கக் கை வராது.

விலங்குகளைக் கூண்டில் வைப்பது சரியா என்ற வழக்கு இன்னும் பல்லாண்டு நடக்கும். தீர்ப்பு எதுவாயினும் ஆகுக. இன்று கூண்டுக்குள் இருக்கும் உயிர்கள் அத்தீர்ப்பு வரும்வரை காத்திருக்க இயலாது. நாளைக் காலை ஆறு மணிக்கு அவற்றின் கதவைத் திறக்கப்போகும் மனிதருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே நாளை அவற்றின் பொழுது அமையும். அவர் கற்க வழி செய்வோம், கற்றவரை மதிப்போம்.